கண்ணாடி முன் அழுத முகம்

பதியிலும் நிழல்தாங்கலிலும் பள்ளியறை முன் நிற்கிற அன்பர்களுக்குத் தெரியும், அங்கே சிலை கிடையாது. இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி இருக்கும். நெற்றியில் திருநாமம் தரித்து நிற்கிறவர் அதில் தம் முகத்தையே காண்கிறார். இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்ற பெரிய விஷயத்தை அய்யா வழி ஒரு கண்ணாடியை வைத்தே சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கவே கூசுகிற ஒரு வயது உண்டு. அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

தெற்கே நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, தஞ்சைச் சீமையில் மளிகைக் கடையோ பாத்திரக் கடையோ வைத்து, பிள்ளைகளைக் காவேரித் தண்ணீரில் வளர்த்துவிட்ட அன்பர் வீடு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வருஷம் தவறாமல் வைகாசித் திருவிழாவுக்குச் சாமிதோப்பு போகிற வீடு. கொடியேற்றத்துக்கு முடியாவிட்டாலும் பதினோரு நாளில் ஏதாவது ஒரு நாள் போய், முத்திரிக்கிணற்றில் குளித்து, நாமம் இட்டு வந்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மே மாதம் முடிவு வருகிறது. 500-க்கு 311. கணக்கில் 38. 35 எடுத்தால் போதும் என்பதால் பாஸ்தான். ஆனால் ஊரில் இருக்கிற சித்தப்பா மகளுக்கு 452.

திருவிழாவுக்குப் பை கட்டும்போது அவள் சொல்கிறாள்:

"நான் வரல."

"ஏம்மக்கா?"

"வரல, அவ்வளவுதான்."

சொல்லும்போதே அழுகை வந்துவிடுகிறது. அம்மாவுக்குப் பதற்றம். "அழாத மக்கா. அழுதா வீட்டுல கலி வந்து உக்காந்துரும். அய்யாவ நெனச்சிக்கிட்டுச் சிரிச்சாப்ல இரு." அப்பா கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார். "வாங்குன மார்க்குக்கு அழுக ஒண்ணுதான் கொறச்சல்" என்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மகள் அழுவதைப் பார்க்க முடியாமல் வந்த வார்த்தை அது. அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாயங்காலம் முகம் கழுவி, சிரித்த முகத்தோடு வெளியே வந்து, இரண்டு தோசை கேட்டுச் சாப்பிடுகிறாள். சரியாகிவிட்டாள் என்று வீடு மூச்சு விடுகிறது.

அவள் ஒன்றும் சரியாகவில்லை. அழுகையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அன்பர்களே, இந்த இடத்தில் கலி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அழுகையில் கலி இருக்கிறது என்று அந்தத் தாய் நினைத்தாள். பல வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளை கோபப்பட்டால் கலி, பொறாமைப்பட்டால் கலி, பயந்தால் நம்பிக்கையில்லை, அழுதால் சகுனம் சரியில்லை. கலியை மாயை என்று அய்யா வழியில் சொல்வார்கள். மாயையின் வேலை உள்ளதை மறைப்பது. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது. அன்று சாயங்காலம் தோசை சாப்பிட்ட சிரித்த முகம்தான் மாயை. கதவுக்குள் அழுத முகம் உள்ளபடியே இருந்த முகம்.

ஏடு வாசிப்புக் கேட்டவர்கள் நினைத்துப் பார்க்கலாம். பதினேழு நாள் வாசிப்பில் சான்றோர் மக்கள் பட்ட பாடும், போட்ட வரியும், தாங்க முடியாமல் அழுது முறையிட்டதும் வருகிற இடங்களில் கூட்டத்தில் கண் துடைக்காதவர்கள் குறைவு. அகிலம் அந்த அழுகையை வெட்டி எறியவில்லை. அவமானத்தை நாகரிகமாக மூடி வைக்கவில்லை. அழுதார்கள், முறையிட்டார்கள், அந்த முறை கேட்கப்பட்டது என்றுதான் கதை போகிறது. முன்னோர் அழுததை ஏடாக வைத்து வணங்குகிற வீட்டில், பிள்ளை அழுதால் மட்டும் ஏன் வாயைப் பொத்த வேண்டும்?

இதே காவேரிக் கரையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் விளங்கும்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாக வைத்துப் பராமரிக்கிறது. கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு அது. 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. நாமகிரித் தாயாரை வணங்கிய வைணவக் குடும்பம். வழி வேறு, பிள்ளை மனசு எல்லா வழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மேதை என்றதும் ஆயிரக்கணக்கான சூத்திரங்களும் கேம்பிரிட்ஜும் ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடப் பையனாக அந்தத் தெருவில் ஓடிய இராமானுஜனைப் பற்றிய கதைகள் வேறு மாதிரி இருக்கின்றன. ஒரு கணக்குப் பரீட்சையில் அவனுக்கு 45-க்கு 42. கூடப் படித்த சிநேகிதனுக்கு 43. ஒரே ஒரு மார்க். இராமானுஜன் அந்தச் சிநேகிதனோடு பேச மறுத்துவிட்டான். அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான். உலகமே பின்னாளில் வியந்த அந்த மூளைக்குள்ளும் ஒரு மார்க்கைப் பொறுக்காத பிள்ளை ஒன்று இருந்தது.

அடுத்தது இன்னும் உறைக்கிற விஷயம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே திரிகோணமிதியில் அவன் தானாகச் சிலவற்றைக் கண்டுபிடித்தான். பெரிய சாதனை என்று நினைத்திருந்தான். பிறகு தெரியவந்தது, ஆய்லர் என்ற ஐரோப்பியக் கணித அறிஞர் அவற்றை ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று. பெரியவர்களுக்கு இது பெருமையாகத்தான் தெரியும்: வழிகாட்ட ஆளில்லாத கும்பகோணத்துப் பையன் ஆய்லர் நடந்த வழியில் தனியாக நடந்திருக்கிறான்! பையனுக்கு அப்படித் தெரியவில்லை. கூனிக் குறுகிப்போய், அந்தக் காகிதங்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தான்.

மூன்றாவது 1905-இல். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவன், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டான். ஆங்கிலத்தில் தோற்றான். உதவித்தொகை போயிற்று. குமாஸ்தா சம்பளத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டுவது கடினம். ஆகஸ்டு மாதத்தில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். காணாமற்போன பையனைப் பற்றி செப்டம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து'வில் செய்தி வந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எப்.ஏ. தேறவில்லை, மறுபடி எழுதியும் தேறவில்லை.

முதலில் அழுகை, பிறகு ஒளிப்பு, கடைசியில் ஓட்டம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவிடம் ஓடி அழுத காலத்தில் அவன் சின்னப் பையன். வயது ஏற ஏற அழுகை கூரைக்குப் போயிற்று, கூரையும் போதாமல் ரயிலேறிற்று. பிள்ளைகள் வளர வளர நடப்பது இதுதான். பத்து வயதில் மடியில் வந்து விழுவது பதினைந்து வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறது. 'வளர்ந்துட்டான், பக்குவம் வந்துட்டு' என்று வீடு நினைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'பாரு, இராமானுஜனே தோத்தாரு, நீயும் பெரிய ஆளா வருவ' என்று பிள்ளையிடம் சொல்வதற்காக இந்தக் கதை எழுதப்படவில்லை. அப்படிச் சொன்னால், 38 மார்க்குச் சுமையோடு மேதையாக வேண்டிய சுமையும் அந்தப் பெண் தலையில் ஏறும். மேலும், மேதையாவதால் மனக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பதும் உண்மையில்லை. 1918-இல் இங்கிலாந்தில், நோயும் தனிமையும் வாட்டிய காலத்தில், இராமானுஜன் தம் உயிரையே விடத் துணிந்து, பிறகு காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. உலகப் புகழ் ஒரு பக்கம், யாரிடமும் சொல்ல முடியாத பாரம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே மனிதருக்குள் ஒரே வருஷத்தில் இருந்தன. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மனசில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அவருக்கு நடுவில் கை கொடுத்தது எது? 1910 வாக்கில், பட்டமில்லாமல், வேலையில்லாமல், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தபோது, நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தார். அவருக்கு அந்தக் கணக்கு முழுவதும் பிடிபடவில்லை. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும், கணக்குச் செய்துகொண்டிருப்பேன் என்று பதில் வந்தது. மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். முழுக்கப் புரியாவிட்டாலும் உட்கார வைத்துக் கேட்ட ஒருவர் கிடைத்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். பெற்றோருக்கும் பிள்ளையின் கணக்குப் பாடம் புரிய வேண்டியதில்லை.

அந்த 42 மார்க்குக்குத் திரும்பி வரலாம். சிநேகிதனுக்கு ஒரு மார்க் கூட என்றதும் அந்தப் பையனுக்கு வந்ததன் பெயர் பொறாமை. கேட்கவே அசிங்கமான வார்த்தையாகிவிட்டது. ஆனால் தமிழில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் அசிங்கம் எதுவும் இல்லை. பொறு என்றால் தாங்கு, சும. பொறாமை என்றால் தாங்க முடியாமை. ஒரு பிள்ளை, 'சித்தப்பா மகளைப் பாத்தா எரிச்சலா வருது' என்று சொன்னால், 'என்னால இதைத் தாங்க முடியல' என்று சொல்கிறாள். அவ்வளவுதான். அதற்கு 'ச்சீ, அப்படி நினைக்கலாமா' என்று பதில் சொன்னால், அடுத்த தடவை அவள் அதைச் சொல்ல மாட்டாள். நினைப்பு மட்டும் நிற்காது.

பொறுமையும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். அய்யா தம் மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது பொறுமை. அதைப் பலர் ஒன்றும் தோன்றாமல் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல் மாதிரி இரு என்று பிள்ளைக்குப் போதிக்கிறார்கள். பொறுத்தல் என்றால் சுமத்தல். சுமையே இல்லாதவனுக்குப் பொறுமை எதற்கு? கோபம் வந்தவனுக்குத்தான் பொறுமை தேவை. அவமானப்பட்டவனுக்குத்தான் பொறுமை தேவை. மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். நெல் மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, இன்னொரு கை வேண்டும். தூக்கிவிட்டபின் சுமப்பது அவர் பாடு. பிள்ளைக்கும் அந்த ஒரு கை தேவைப்படுகிறது. மூட்டையே இல்லை என்று சாதிப்பதாலோ, பிடுங்கி நாமே சுமப்பதாலோ அவள் சுமக்கக் கற்றுக்கொள்ள மாட்டாள்.

டெல்டாவில் குடியிருக்கிறவர்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் இன்னும் சீக்கிரம் பிடிபடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட அதே நாட்களில் பள்ளிக்கூடமும் திறக்கும். தண்ணீர் வந்து, நாற்றுவிட்டு, பறித்து நட்டால், நட்ட நாற்று சில நாள் தலை சாய்ந்து, இலை பழுத்து நிற்கும். பிறகு வேர் பிடித்துப் பச்சை கட்டும். அந்த நாட்களில் யாரும் வயலில் இறங்கி நாற்றை அதட்டுவதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போன பிள்ளை, ஊர்ப் பள்ளியிலிருந்து தஞ்சாவூர் விடுதிக்குப் போன பிள்ளை, புது வகுப்பில் ஒரு சிநேகிதமும் இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, எல்லாம் பறித்து நட்ட நாற்றுதான். முதல் மாதம் வாடினால் மண் சரியில்லை என்றோ விதை சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கவலை வேறு. அதுவரை தண்ணீர் வருமா என்று இருந்த விவசாயி, இப்போது தண்ணீர் வடியுமா என்று வரப்பில் நிற்பார். சம்பாப் பயிர் மூழ்கி நாள் கணக்கில் நின்றால் அழுகிப்போகும். அதனால்தான் பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால் என்பார்கள். வாய்க்காலை மட்டும் தூர்வாரி வடிகாலை ஆகாயத்தாமரைக்கு விட்ட ஊர் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். பிள்ளைகள் விஷயத்திலும் வாய்க்கால் மட்டும்தான் வெட்டப்படுகிறது. டியூஷன், நீட் கோச்சிங், கைடு, தட்டச்சு, இந்தி வகுப்பு, எல்லாம் உள்ளே வருவது. வெளியே போக என்ன வழி இருக்கிறது? ராத்திரி கடை சாத்தி வந்தபின், டி.வி.யையும் செல்போனையும் ஓரம் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னைக்கு என்ன ஆச்சு' என்று கேட்டால் அதுவே ஒரு வடிகால். கேட்டபின் புத்தி சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்பது நாக்கு நுனியில் நிற்கும். அதை விழுங்குவதும் பொறுமைதான்.

ஆண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் அநியாயம் நடக்கிறது. 'ஆம்பளப் புள்ள அழுவியா' என்ற ஒரே வார்த்தையில் வடிகாலை மண் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பிறகு அந்தத் தண்ணீர் கோபமாக உடைத்துக்கொண்டு போகும்போது, பையன் முரடனாகிவிட்டான் என்கிறார்கள்.

கோபத்தையும் இந்த இடத்தில் பேசியாக வேண்டும். வகுப்பில் சாதியைச் சொல்லியோ, நிறத்தைச் சொல்லியோ, அப்பா செய்யும் தொழிலைச் சொல்லியோ கேலி செய்தால் பிள்ளைக்குக் கோபம் வராமல் இருக்குமா? வர வேண்டும். அய்யா காலத்துச் சான்றோர் மக்கள் தலையில் துணி கட்டக் கூடாது, தோளில் துணி போடக் கூடாது என்ற கொடுமைக்குள் இருந்தார்கள். அந்த மக்களை அய்யா கோபமே படாதீர்கள் என்று குனிய வைக்கவில்லை. அடித்துக்கொள்ளவும் அனுப்பவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். இன்றும் ஆண்கள் பள்ளியறை முன் தலைப்பாகையோடு நிற்பது அதனால்தான். பல தலைமுறைக் கோபம் ஒரு முழத் துணியாகி, மகுடமாகித் தலையில் ஏறிற்று. உன் பிள்ளை சண்டைக்குப் போய்விட்டு வந்தால், கை நீட்டியது தப்பு என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோபம் வந்ததே தப்பு என்று சொன்னால், அந்தத் தலைப்பாகைக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அந்தக் கோபத்தோடு தலைமையாசிரியரிடம் பேச அப்பாவும் கூடப் போய் நிற்கலாம்.

அய்யாவின் தவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்து வந்தபின், பூவண்டன்தோப்பில் ஆறு வருஷம் தவமிருந்தார். முதல் இரண்டு வருஷம் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு வருஷம் தரையில். கடைசி இரண்டு வருஷம் உயர்ந்த மேடையில். உலகத்தையே மாற்ற வந்தவர் மேடையிலிருந்து தொடங்கவில்லை. குழியில் நின்றார், அதுவும் இரண்டு வருஷம். கரையில் நின்று பார்த்தவர்கள் சிலர் பைத்தியம் என்றார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளை குழிக்குள் நிற்கிற பிள்ளை. 'போனது போச்சு, எழுந்திரி' என்று மறுநாள் காலையிலேயே கையைப் பிடித்து இழுக்கிற வீடுகள் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் கைதான் சுளுக்கும். கொஞ்ச நாள் அங்கே நிற்கட்டும். மேலிருந்து கூப்பிடாமல், குழிக்கரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். தோற்ற பாடத்துக்குத் துணைத் தேர்வு இருக்கிறது, ஜூன், ஜூலையிலேயே எழுதலாம். அந்தச் செய்தி முதல் நாளே சொல்ல வேண்டிய அவசரச் செய்தியும் இல்லை. இரண்டு நாள் கழித்து, சோறு இறங்க ஆரம்பித்தபின் சொல்லலாம்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், யாரோடும் பேசாமல் வாரக் கணக்கில் இருப்பது. பிடித்ததையெல்லாம் பிறருக்குத் தூக்கிக் கொடுப்பது. 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரிப் பேச்சு. இதை நாடகம் என்று ஒதுக்கிவிட்டுப் பின்னால் தலையில் அடித்துக்கொண்ட வீடுகள் இருக்கின்றன. அப்படிப் பேசினால், சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும். அப்போது பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருக்க வேண்டும். 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் என்ற 14416 எண்ணிலும் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பதம் கொடுத்து, நாமம் இட்டு, அய்யாவிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. கால் ஒடிந்தால் கட்டுப் போடக் கூட்டிப்போகிறவர்கள், மனசு ஒடிந்தால் மட்டும் மறைத்து வைப்பது ஏன்? அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற பயத்தால்தான். அந்தப் பயமும் ஒரு கூரைதான், காகிதத்தை ஒளித்து வைக்கிற கூரை.

முதலில் சொன்ன வீட்டுக்குத் திரும்பலாம். பயணத்துக்கு முந்தின ராத்திரி. அப்பா கடையைச் சாத்திவிட்டு வழக்கத்துக்கு மாறாகக் கல்லாப்பெட்டிச் சாவியை எடுத்து, அடித்தட்டில் பில் புத்தகங்களுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார். மகள் அறை வாசலில் நிற்கிறார். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை அவருக்கு. பிறகு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கவரை நீட்டுகிறார். பழுப்பேறிய மார்க் ஷீட். கணக்கில் 24.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் மக்கா."

அவள் நம்பவில்லை. முப்பது சாமான் வாங்கினாலும் கால்குலேட்டர் தொடாமல் கூட்டிச் சொல்கிற அப்பா.

"அன்னைக்கு ஒங்க தாத்தாட்ட காட்ட பயந்து மறைச்சேன். மறுநாளே மாமாவோட கடைக்கு வந்துட்டேன். திரும்பப் பரீட்சை எழுதலாம்னு ஒருத்தரும் சொல்லல, நானும் கேக்கல. ஒங்க அம்மைக்கே தெரியாது."

"எல்லாம் தெரியும்" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது.

அவள் சிரித்துவிடுகிறாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிடுகிறது. இந்தத் தடவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்கிறார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவ 452 எடுத்தது எனக்குப் புடிக்கல" என்கிறாள். "எனக்குந்தான்" என்கிறார் அப்பா. அம்மா அடுக்களையிலிருந்து, "ரெண்டு பேரும் நல்லாருக்கு" என்கிறாள். ஆனால் திட்டவில்லை.

மறுநாள் நாகர்கோவில் பஸ். அங்கிருந்து சாமிதோப்பு. முத்திரிக்கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வரும்போதே அத்தை பிடித்துக்கொள்கிறாள்.

"எவ்வளவு மக்களே?"

அவளுக்கு முகம் சிவக்கிறது. தொண்டை அடைக்கிறது. அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார், குறுக்கே பேசவில்லை.

"311, அத்த. கணக்குல 38."

சொல்லிவிட்டு, நாமம் இட்டுக்கொண்டு, வரிசையில் போய் நிற்கிறாள். கண் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. வரிசை நகர்கிறது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி தெரிகிறது.

அய்யா உண்டு.